நூற்றாறு கஜம்

ஆவடி
12 பிப்ரவரி 1938

பஷீர் மச்சானுக்குத் திருவேங்கடம் எழுதுவது.

பூந்தமல்லிக்குப் போனபோது உன் அம்மாவைப் பார்த்தேன். தருமபுரிக் காட்டில் கேம்ப் போட்டதிலிருந்து ஊரையே மறந்துவிட்டாய் என்று குறைப்பட்டார்கள். நிலம் அளக்கப் போனவனுக்கு எல்லா ஊரும் ஒரே ஊர்தான் என்று சொல்லிச் சமாதானம் செய்துவிட்டு வந்தேன். ஒரு கடுதாசி போட்டுவிடு.

இப்போது என் சேதி. போன ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். அரச மரத்தில் புறப்பட்டு ஏரிக்கரை மேலே மதகு வரை போய்த் திரும்பி, மொத்தம் மூன்று நடை. போன வருஷம் நீ சங்கிலி போட்டு அளந்து கொடுத்த அதே ஆறு மைல். எங்கள் ரயில்வே கிளப் செக்ரட்டரி வரதன் சார் ஸ்டாப் வாட்சோடு நின்றார். முப்பத்தொரு நிமிஷம், இருபது செகண்டு! சார் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார், நின்றுவிட்டதோ என்று. பிறகு என் முதுகில் ஓர் அடி போட்டு, "டேய், நீ தண்டவாளத்தைத் தட்டிக்கினு திரியற ஆளு இல்லடா. டோக்கியோவுக்குப் போற ஆளு" என்றார்.

1940ஆம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயம் ஜப்பானில் டோக்கியோ பட்டணத்தில் என்று முடிவாகியிருக்கிறது. ஆறு மைலை முப்பத்தொன்றரை நிமிஷத்துக்குள் ஓடுகிறவர்களின் பெயரை மதராஸ் கமிட்டி எடுத்துக்கொள்ளுமாம். ஒரே ஒரு நிபந்தனை. தூரத்தை அளந்தவர் நில அளவை இலாகா ஆளாக இருந்து, அளவு சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தில்தான் டோக்கியோ இருக்கிறது.

இன்னொன்று. கேட்டால் சிரிப்பாய். தாட்சாயிணியின் அப்பா, நம் வேப்பம்பட்டு மாமா, வைகாசியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று வந்தார். ஆஞ்சநேயர் சன்னிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். ஒலிம்பிக் பந்தயம் நடந்து முடிகிற வரைக்கும் பிரம்மச்சரியம், மீறினால் என் கால் இரண்டையும் எடுத்துக்கொள் என்று. கசரத்துப் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்கிற சத்தியம்தான். தாட்சாயிணிக்குச் சம்மதம். அவள் சொன்னது: "போய்ட்டு வா. நான் எங்க ஓடப் போறேன்? ஓடறது நீதானே."

உன்
வேங்கடம்


தருமபுரி கேம்ப்
2 மார்ச் 1938

அன்புள்ள வேங்கடம்,

உன் தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். அதில் என்னை 'சர்வேயர்' என்று எழுதியிருந்தாய். அடித்துவிட்டுச் 'செயின்மேன்' என்று திருத்தினேன். சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறவன் நான். டோக்கியோவில் யாராவது வந்து பார்த்தால் மானம் போகும்.

ஆனால் அளவைப் பற்றி நீ பயப்படவே வேண்டாம். அன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட சிரத்தை உனக்குத் தெரியாது. பழைய சங்கிலி இழுபட்டு இழுபட்டு வளையங்கள் விரிந்து நீண்டுபோகும். எவ்வளவு கூடுதல் என்று ஆபீஸில் சோதித்துச் சங்கிலியிலேயே ஒரு சீட்டுக் கட்டிவைப்பார்கள். நான் எடுத்துவந்த சங்கிலியில் 'எட்டு அங்குலம் கூடுதல்' என்று சீட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு. அதனால் வீட்டிலேயே உட்கார்ந்து எட்டு அங்குலத்துக்கு வளையங்களைக் கழற்றிவிட்டுத்தான் ஏரிக்கரைக்கு வந்தேன். நீ என்னடா என்றால், இவ்வளவு நேரமா என்று கத்தினாய்.

சத்தியத்தைப் பற்றி என்ன சொல்ல? டோக்கியோ எங்கே இருக்கிறது என்று அந்த அனுமாருக்குச் சொன்னாயா? அவர் தெற்கே தாண்டித்தான் பழக்கம். தாட்சாயிணியைக் காக்க வைக்கிறாய். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு ஜப்பான் பட்டாவது கொண்டு வா.

பஷீருதீன்


ஆவடி
19 ஜூன் 1938

மச்சான்,

பெயர் எடுத்துவிட்டார்கள்! கமிட்டியிலிருந்து காகிதம் வந்தது. 'டி. திருவேங்கடம், ஆவடி, ஆறு மைல்.' நம் ஊர்ப் பெயர் இங்கிலீஷில் அச்சாகி நான் பார்த்தது ரயில்வே டிக்கெட்டில்தான், அடுத்தபடி இதில்தான். கடைசிச் சோதனை ஓட்டம் நாற்பதாம் வருஷம் வடக்கே நடக்குமாம்.

வேப்பம்பட்டு மாமா அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "எப்போ முடியுது இந்தக் கூத்து?" என்றார். நாற்பதாம் வருஷம் ஐப்பசி என்றேன். "பொண்ணுக்கு இருபது ஆயிடும்டா" என்றார். தாட்சாயிணி உள்ளே இருந்தபடியே, "ஆவட்டும் நைனா" என்றாள். அதோடு மாமா காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார்.

டோக்கியோவைப் பற்றிப் பேப்பரில் வருகிறதையெல்லாம் வரதன் சார் வெட்டித் தருகிறார். லட்சம் பேர் உட்காரும் மைதானம் கட்டப்போகிறார்களாம். தண்டவாளத்தில் நடக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு நடக்கிறேன். நேற்று வண்டி வருகிற சத்தமே காதில் விழவில்லை. டிரைவர் கண்டபடி திட்டிவிட்டுப் போனான்.

வேங்கடம்


தருமபுரி கேம்ப்
28 ஜூலை 1938

அன்புள்ள வேங்கடம்,

பேப்பர் பார்த்திருப்பாய். சீனாவோடு சண்டை நடக்கிறதால் ஜப்பான்காரன் பந்தயம் வேண்டாம் என்று கையை விரித்துவிட்டானாம். எனக்கு வருத்தம்தான். நம்பு.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இதோடு விட்டுவிடு. ஊரே இல்லாத பந்தயத்துக்கு எதற்குச் சத்தியம்? அர்ச்சகரிடம் கேட்டுப் பரிகாரம் ஏதாவது செய்துவிட்டு, ஆவணியிலேயே தாலி கட்டு. நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

உனக்கு ஒரு விஷயம் எழுத நினைத்து எழுதியும் வைத்திருந்தேன். இப்போது அதற்குத் தேவை இல்லை.

பஷீருதீன்


ஆவடி
4 செப்டம்பர் 1938

மச்சான்,

ஊரே இல்லாத பந்தயம் என்று எழுதிவிட்டாயே! ஊர் கிடைத்துவிட்டது. ஹெல்சிங்கி. பின்லாந்து என்று ஒரு தேசம், அதற்குத் தலைநகரம். மைதானமும் கட்டியாகிவிட்டதாம், பக்கத்தில் வெள்ளையாய் ஒரு கோபுரம். கோடையில் அங்கே சூரியன் அஸ்தமிப்பதே அபூர்வமாம். வெயிலுக்குப் பயப்படுகிறவனா நான்?

இன்னும் கேள். அங்கே பந்தயம் நாற்பதாம் வருஷம் ஆடியிலேயே. டோக்கியோவை விட மூன்று மாசம் முன்னால்! மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. கமிட்டியில் பழைய பட்டியலே போதும் என்றுவிட்டார்கள்.

என்னவோ எழுத நினைத்தேன், தேவை இல்லை என்றாயே, அது என்ன?

வேங்கடம்


தருமபுரி கேம்ப்
9 அக்டோபர் 1938

அன்புள்ள வேங்கடம்,

அது ஒன்றும் இல்லை. கேம்ப் விஷயம்.

ஒன்று மட்டும் செய். மதராஸில் நல்ல மைதானமாகப் பார்த்து, ஒரு தடவை ஆறு மைல் ஓடிப் பார். ஏரிக்கரை ஏரிக்கரைதான். மேடு பள்ளம் இருக்கும், காற்று தள்ளும். ஒரே ஒரு தடவை போதும்.

பஷீருதீன்


ஆவடி
30 அக்டோபர் 1938

பஷீருக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் காலில் சந்தேகமா, வரதன் சார் வாட்சில் சந்தேகமா? அளவில் சந்தேகப்பட முடியாது, அது நீ போட்ட கையெழுத்து.

நான் மதராஸ் போய் ஓட வேண்டிய அவசியம் இல்லை. ஓட வேண்டிய இடம் வேறு.

திருவேங்கடம்


தருமபுரி கேம்ப்
10 டிசம்பர் 1939

அன்புள்ள வேங்கடம்,

ஒரு வருஷத்துக்கு மேலாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யுத்தம் வந்துவிட்டது. ரஷ்யாக்காரன் ஹெல்சிங்கியில் குண்டு போட்டதாகப் போன வாரம் பேப்பரில் பார்த்தேன். தாட்சாயிணிக்கு வேறு இடம் பார்க்கிறார்கள் என்று அம்மா எழுதியிருக்கிறாள். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷன் இல்லை.

இதோடு இருக்கும் பழைய கடிதத்தைப் படி. தேதியைப் பார். எழுதி, கவரில் போட்டு, விலாசமும் எழுதினேன். தபால்காரன் வருவதற்குள் டோக்கியோ ரத்து என்று பேப்பர் வந்தது. அந்தப் பேப்பரை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், வேங்கடம். சொல்லாமலே தப்பித்தோம் என்று. பிறகு நீ ஹெல்சிங்கி என்று எழுதியபோது எனக்குக் கை எழவில்லை.

பஷீருதீன்

(உள்ளே இருந்தது)

14 ஜூலை 1938

வேங்கடம், தப்பு நடந்துபோயிற்று. எங்கள் கேம்ப்புக்கு மணவாளன் என்கிற செயின்மேன் மாற்றலாகி வந்திருக்கிறான். முன்னே மதராஸ் ஆபீஸில் என்னோடு இருந்தவன். நேற்றுச் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னான்: "அந்த வருஷம் ஒரு சனிக்கிழமை சாயந்தரம் ஒரு சங்கிலிக்கு எட்டு அங்குலம் வளையம் கழட்டினேன், சீட்ட அவுக்க மறந்துட்டேன். செவ்வாக்கிழமை பாக்கறேன், எட்டு அங்குலம் கொறையுது. எங்கியோ நாந்தான் தப்பு பண்ணிட்டேன்னு திரும்ப மாட்டி வெச்சேன்."

அவன் தப்பு செய்யவில்லை. நடுவில் ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தடவை கழற்றினேன். அவன் ஏற்கெனவே சரிசெய்த சங்கிலியை நான் இன்னொரு தடவை சரிசெய்தேன். எட்டு அங்குலம் குறைந்துபோன அந்தச் சங்கிலியைக் கொண்டுதான் உன் ஏரிக்கரையை அளந்தேன். ஆறு மைலுக்கு நானூற்றெண்பது சங்கிலி. சங்கிலிக்கு எட்டு அங்குலம் என்றால் நூற்றாறு கஜம் குறைவு. நீ ஓடியது ஆறு மைல் இல்லை. அந்த நூற்றாறு கஜத்தையும் ஓடியிருந்தால் முப்பத்தொன்றரை நிமிஷத்துக்கு மேலே ஒன்பது செகண்டு ஆகியிருக்கும். உன் பெயர் பட்டியலில் வந்திருக்காது.

உன் கால் மேல் குற்றம் இல்லை. என் கை மேல்தான் குற்றம். கமிட்டிக்கு எழுதிவிடு. வேண்டுமானால் நானே எழுதுகிறேன். தாட்சாயிணியைக் கட்டிக்கொள்.

பஷீருதீன்


ஆவடி
28 டிசம்பர் 1939

பஷீர் மச்சானுக்கு,

உன் இரண்டு கடிதமும் படித்தேன். அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது.

மாமா கார்த்திகையில் பூந்தமல்லிக்குப் போனதும், உன் அம்மா காலில் விழாத குறையாக, "உம் புள்ள ஒரு கடுதாசி போட்டா அவன் கேப்பாம்மா, எப்டியாச்சும் அவன் மனச மாத்தச் சொல்லு" என்று கெஞ்சியதும் எனக்குத் தெரியாதா? தாட்சாயிணியே சொல்லிவிட்டாள். பத்து நாள் கழித்து உன் கடிதம் வருகிறது. அதில் ஒரு பழைய கடிதம், பழைய தேதி, சங்கிலி, வளையம், மணவாளன். எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறாய்! எனக்காக உன் தொழிலின் மேலேயே பழி போட்டுக்கொண்டாய். இப்படிப் பொய் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் மச்சான், நீ ஒன்றை மறந்துவிட்டாய். அன்றைக்கு நீ வளையம் கழற்றிய சிரத்தையைப் பற்றி நீயே எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அதைத்தான் நான் நம்புவேன். நீ அளந்தது தப்பு என்றால், நான் எதைத்தான் நம்புகிறது?

தையில் கல்யாணம் வைக்கப்போகிறேன், மாப்பிள்ளை நீயா வேறொருத்தனா என்று மாமா கேட்டுவிட்டார். நான் என்ன செய்ய முடியும்? காலைச் சாமியிடம் அடகு வைத்துவிட்டு நிற்கிறேன். அதுவும் தண்டவாளத்தில் நடந்தே பிழைக்கிற கீமேன் கால். யுத்தம் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்கள். ஆடி வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

வேங்கடம்


தருமபுரி கேம்ப்
5 ஜனவரி 1940

வேங்கடம்,

பொய் இல்லை. அல்லா மேல் ஆணையாகப் பொய் இல்லை. மாமா வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. மணவாளனை வேண்டுமானால் எழுதச் சொல்கிறேன். இல்லை, அதையும் நான் சொல்லிக் கொடுத்தது என்பாய். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

ஒரு தடவை மதராஸ் மைதானத்தில் ஓடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை.

பஷீருதீன்


ஆவடி
16 ஜூன் 1940

பஷீருக்கு,

தை இருபத்திரண்டாம் தேதி தாட்சாயிணிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அரக்கோணத்தில் குமாஸ்தா. முந்தின நாள் அவள் மதகு வரைக்கும் வந்தாள். நான் திரும்பி வருகிற இடத்தில் நின்றாள். "இன்னும் எவ்ளோ தூரம் கீது?" என்று கேட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது. "நான் சொன்னேனே, நான் எங்க ஓடப் போறேன்னு. என்னைத் தூக்கிக்கினு ஓடறாங்க வேங்கடம்" என்றாள். பிறகு போய்விட்டாள். நான் மூன்றாவது நடையை ஓடி முடித்தேன். எதற்கு முடித்தேன் என்று தெரியவில்லை.

மூன்று மாசத்தில் ஹெல்சிங்கியும் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். மூன்றே மாசம், பஷீர். அந்த முடிவு மார்கழியிலேயே வந்திருந்தால் நானே மாமா வாசலில் போய் நின்றிருப்பேன்.

அர்ச்சகரிடம் கேட்டேன். பந்தயம்தான் இல்லை என்றாகிவிட்டதே, என் சத்தியம் தீர்ந்ததா என்று. அவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நடந்து முடியற வரைக்கும்னுதானே சொன்னே? நடக்கவே இல்லையே. அப்ப எப்டிப்பா முடியும்?" என்றார். அவரும் பாவம், வேறு என்ன சொல்வார்?

அடுத்தது நாற்பத்து நாலில் லண்டன் என்று வரதன் சார் சொல்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருவேங்கடம்


செங்கல்பட்டு கேம்ப்
3 ஆகஸ்ட் 1942

அன்புள்ள வேங்கடம்,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். எழுத வேண்டிய காரணமும் நல்லதில்லை.

ஆவடிப் பக்கம் ராணுவத்துக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள். எங்கள் கூட்டத்தைத்தான் அளக்க அனுப்புகிறார்கள். வேறு கேம்ப்புக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டார்கள். பட்டியலில் அரச மரத்துக்குக் கிழக்கே உள்ள நிலமெல்லாம் இருக்கிறது. உங்கள் காணியும் இருக்கிறது. முன்கூட்டிச் சொல்வதைத் தவிர என்னால் ஆவது ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை வருவோம். உன் வீட்டுக்கு வரலாமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. சங்கிலியை இன்று காலை நானே சோதனைக் கல்லில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

பஷீருதீன்


ஆவடி
22 நவம்பர் 1942

பஷீர் மச்சானுக்கு,

நீ போய் மூன்று மாசம் ஆகிறது. அன்றைக்கு எங்கள் காணியை அளந்து முடித்ததும் சங்கிலியைச் சுருட்டப் போனாய். ஏரிக்கரையையும் ஒரு தடவை அளந்துவிடு என்றேன். உன் ஆட்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நானே மறு முனையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மைலுக்கு எண்பது சங்கிலி வர வேண்டிய இடத்தில் எழுபத்தொன்பது சங்கிலி, பத்தொன்பது கண்ணிதான் வந்தது. மதகில் நின்று நீ அதைச் சொன்னாய். நீ பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் நீ அதை எப்படிச் சுமந்தாய்? உன் பேரில் எனக்கு ஆத்திரம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். முப்பத்தெட்டிலேயே அந்தக் கவரைத் தபாலில் போட்டிருக்கலாம். ஆனால் முப்பத்தொன்பதில் நீ உண்மையைச் சொன்னபோது நம்பாதது நான்தான். அதற்கு யார் பேரில் ஆத்திரப்படுவது?

திரும்பி வந்ததும், பாக்கி நூற்றாறு கஜத்தையும் அரச மரத்திலிருந்து கிழக்கே அளந்து, எங்கள் வரப்பு ஓரத்தில் ஒரு கல் நட்டாயே. எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு இந்த மூன்று மாசமும் பழகினேன். முப்பது வயசாகப் போகிறது, கால் முன்போல இல்லை. லண்டனுக்காகப் பழகவில்லை. அங்கே குண்டு விழுந்து கிடக்கிறது, நாற்பத்து நாலாவது ஒன்றாவது. உண்மையான ஆறு மைலை ஒரே ஒரு தடவை ஓடி முடித்துவிட்டு, "இதற்கு மேல் என்னால் முடியாது, இதைப் பந்தயமாக வைத்துக்கொள்" என்று சாமியிடம் காலைத் திருப்பிக் கேட்கலாம் என்று இருந்தேன்.

நேற்றுக் காலை ஓடினேன். வரதன் சார் வாட்சோடு வந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மூன்று நடை ஓடினேன். கடைசியாக மதகிலிருந்து திரும்பும்போது உடம்பு லேசாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது மச்சான். அரச மரத்தைத் தாண்டிக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு அடி வைத்திருப்பேன். முள்கம்பி. முந்தின நாள் சாயந்தரம் இல்லாதது. உள்ளே ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு இந்துஸ்தானியில் கத்தினான். உனக்கு வருகிற மாதிரி எனக்கு அந்தப் பாஷை வராது. இருந்தும் கையைக் கூப்பி, "அண்ணாத்தே, அதோ அந்தக் கல்லு வரைக்கும், தொட்டுட்டுத் திரும்பிடறேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டான், அவன் வேலை அது.

அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி நேரம் ஆகிவிட்டது, சுத்தியை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். இன்று காலையும் போய்ப் பார்த்தேன். எங்கள் வரப்பை வெட்டிச் சமன் செய்துகொண்டிருக்கிறார்கள். நீ நட்ட கல்லை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது.

வேங்கடம்